ஜூன் மாதத்துக்காரியின் கவுன்

எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நடுவில நின்ன ஆளை வெட்டி எடுத்துட்டீகளா?" மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இடையே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். கொஞ்சம் ஒல்லியான ஆளாக இருந்தால் இடுப்பில் ஒரு பிள்ளையும் வைத்துக்கொள்ளலாம். யாரையும் வெட்டவில்லை. நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர், எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் வேனில் வந்து இறங்குகிற பெண்களை வாசலில் நிறுத்தி, கொண்டை ஊசி இருக்கிறதா, சேலையில் ஊக்கு இருக்கிறதா, நைலான் துணி எதையாவது உடுத்தி வந்திருக்கிறார்களா என்று பார்த்து உள்ளே விடுவது அவர் பொறுப்பு. பட்டும் நைலானும் உரசினால் மின்சாரம் பிறக்கும், மருந்து கிடக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் என்பது எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஷெட்டுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் போவார்கள். மற்ற போர்மேன்கள் சாயங்காலம் வேன் ஏறும்போது இந்த விஷயத்தை எல்லாம் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டு நிலைப்படியிலும் ஒரு செம்புத் தகடு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி முருங்கைமரத்தடிக் குழிக்குள் இறங்குகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், கூரியர்க்காரர், என் பிறந்த வீட்டு ஆட்கள் என்று யாராக இருந்தாலும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏதோ சாமி விஷயம் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. கூரியர்க்காரர் ஒருமுறை கற்பூரம் கொண்டுவந்தார்.

வீட்டில் நான் பழைய பருத்திச் சேலையில் இருந்தால் ஒரு தகராறும் இல்லை. எங்களுக்கு ஒரு மகள் பிறந்து கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருப்பதே அதற்குச் சாட்சி. விசேஷம் என்று நான் ஜோடித்துக்கொண்டால்தான் மனிதர் விலகிப்போவார். மகளின் காதுகுத்துப் படத்தில் அவர் பந்தல் கால் பக்கம் நிற்கிறார். பால்காய்ச்சுப் படத்தில் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறார்.

இதை இப்படியே கிண்டலாகச் சொல்லிக்கொண்டு போக எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் காரணத்தை மறைத்துவிட்டுக் கிண்டல் செய்வது நியாயமில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அவர் போர்மேன் ஆன புதிதில், இருபது வயதுப் பெண் ஒருத்தி வேலைச் சட்டைக்குள்ளே புது நைலான் சுடிதார் போட்டு வேலைக்கு வந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். வாசலில் நிறுத்தினார். "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானண்ணே" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஷெட்டும் இல்லை, அவளும் இல்லை. மருந்துக் கலவையில் கோளாறு என்றுதான் விசாரணையில் முடிவானது, சுடிதாரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "வாசல்ல நிறுத்தினேன். பெறகு விட்டுட்டேன்." அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒட்டி நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு ஒன்று வேண்டும் என்று ஆசை. இவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு கவுன் எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறவள். போன சீசனில் ஒரு ஜவுளிக்கடை ஆர்டர் வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் அந்தக் காலத்து ஸ்டைலில் உடுத்தியிருக்க வேண்டும். ஜனவரிக்காரி, பிப்ரவரிக்காரி எல்லாம் ஒரு பாடும் படுத்தவில்லை. ஜூன் மாதத்துக்காரிக்கு இடுப்பு இன்னும் சிறுக்க வேண்டும் என்று பார்ட்டி திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் இடுப்பை அழித்தேன். கடைசியில் அவளுக்குக் குடல் இருக்க இடமில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் அவள் உடுப்பு என் மனதில் உட்கார்ந்துவிட்டது. கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி. கழுத்தில் வெள்ளைக் காலர். இடுப்பை இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே குடையாக விரிந்து, கெண்டைக்காலில் வந்து நிற்கிற பாவாடை. கையில் வெள்ளை உறை, தலையில் சின்னத் தொப்பி, கழுத்தில் முத்துமாலை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நிற்கிறாள், ஆனால் எந்த பஸ்ஸும் அவளை ஏற்றிக்கொள்ளத் தகுதியில்லாதது என்கிற முகம்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இருபது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு, அவர்கள் கேட்கிற படத்தை அட்டையில் போட்டு நூறு தினசரி காலண்டர் அடித்துக் கொடுப்பார் முதலாளி. மிஷின்மேன் தன் மோட்டார் சைக்கிளைப் போட்டார். பைண்டிங் அக்கா முருகனைப் போட்டு, பக்கத்தில் தன் ரேஷன் கார்டுப் படத்தை ஒட்டச் சொன்னார். அந்தக் காலண்டரில் முருகன் ஒரு அடி பின்வாங்கின மாதிரியே இருக்கும். என் முறை வந்தபோது முதலாளி கேட்டார், "ஒனக்கு என்ன சாமிம்மா?" நான் சொன்னேன், "நானும் எங்க வீட்டுக்காரரும்ண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன சேலை கட்டுவ?" என்றார் முதல் கேள்வியாக.

"சேலை இல்ல. கவுனு." ஜூன்காரியின் படத்தை எடுத்துக் காட்டினேன்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஒனக்கா?"

"பின்ன, ஒங்களுக்கா?"

இன்னும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் பேசுகிறவர் தோரணையில் சொன்னார். "போட்டுக்க. ஆனா கம்பெனி வாசல்ல என்னென்ன பாக்குறனோ, அம்புட்டையும் இங்கனயும் பாப்பேன். பாஸானா பக்கத்துல நிக்கேன்."

"ஒட்டி?"

"ஒட்டி."

எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நாற்பத்துநாலு வயதில் கட்டின புருஷன் பக்கத்தில் நிற்கப் போகிறார் என்று ஒருத்திக்குத் தூக்கம் போனதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லேடீஸ் டெய்லர் இருக்கிறார். இரண்டு பேரும் போனோம். டெய்லர் படத்தைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். "அம்ப்ரெல்லா கட்டுக்கா. இடுப்புல டக்கு, பின்னால ஜிப்பு. ஆனா பாவாடை இப்பிடி விரிஞ்சு நிக்கணும்னா உள்ள கேன்-கேன் வைக்கணும்."

"கேனா?" என்றார் என் வீட்டுக்காரர். "தண்ணிக் கேனா? ரெண்டு எதுக்கு?"

"இல்லண்ணே, அது நைலான் வலை..." என்று டெய்லர் மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டு அங்கிருந்தே கையை ஆட்டுகிறார், சுருட்டி வை, சுருட்டி வை என்று.

அதன் பிறகு அந்தக் கவுன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பருத்தியில் அந்தப் புள்ளிக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுங்குடிச் சேலை எதற்கு இருக்கிறது? கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி இரண்டு வாங்கினேன். இவர் முதல் வேலையாகக் கரையில் இருந்த ஜரிகையை நூல் நூலாக உருவி எடுத்தார், அது உலோகமாம். ஜிப்பு இரும்பு என்று போனது. பிளாஸ்டிக் ஜிப்பு, மேலும் கீழும் உரசும் என்று போனது. கொக்கி போனது. முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை சிரட்டைப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. டெய்லர் பாவம், சிரட்டையைத் தேய்த்துப் பொத்தான் செய்கிற ஆளைத் தேடி இரண்டு நாள் அலைந்தார்.

தைத்து வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு இன்னொரு கூத்து. இவர் மடிப்பிலிருந்து ஒரு நூலை இழுத்து இடுக்கியில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தாத மனிதர், அடுப்பைப் பற்ற வைத்து அந்த நூலைக் காட்டினார். பருத்தியாக இருந்தால் சாம்பலாக உதிரும். இது உருகி, கடுகு அளவுக்கு உருண்டது.

"பாலியஸ்டர்," என்றார், புற்றுநோய் என்று சொல்கிற டாக்டர் குரலில்.

மொத்தக் கவுனையும் பிரித்து, பருத்தி நூலில் மறுபடி தைத்தார்கள். டெய்லர் என்னைப் பார்த்துக் கேட்டார், "அக்கா, இது போட்டுக்கிறதுக்கா, இல்ல உள்ள மருந்து அடைக்கிறதுக்கா?"

கை உறைக்கு எங்கள் அச்சகத்திலேயே வழி இருந்தது. அச்சு பிளேட்டைத் தொடுகிறவர்கள் போட்டுக்கொள்கிற வெள்ளைப் பருத்தி உறையை ஒரு ஜோடி எடுத்து வந்தேன். இடது கையில் மட்டும் கொஞ்சம் நீல மை. முத்துமாலை பிளாஸ்டிக் என்று தள்ளுபடியானது, அதற்குப் பதில் துளசிமணி மாலை. கண்ணாடியில் பார்த்தால் மலைக்கு மாலை போட்ட வெள்ளைக்காரச்சி மாதிரி இருந்தேன். தொப்பிக்குப் பனையோலைக் கொட்டான் ஒன்றைக் கவிழ்த்து, சுங்குடித் துண்டால் கட்டினேன், ஊசி குத்தக் கூடாதல்லவா. ஹீல்ஸில் ஆணி இருந்தது. ஆணி இல்லாத ரப்பர் செருப்பு கொண்டுவந்து காட்டினால், "ரப்பரு கரண்டை உள்ளயே நிறுத்திப்போடும்" என்றார். ஆக, வெறுங்கால்.

கன்னத்தில் லேசாக மின்னுகிற பவுடர் ஒன்றை மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். அதையும் விட்டுவைக்கவில்லை. விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல நைசான சரக்கு. இம்புட்டு நைசா அலுமினியப் பவுடரு எங்க கம்பெனிக்கே வராது" என்று மெச்சினார். அப்புறம் டப்பாவைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் மணலுக்குள் புதைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பாவாடைதான். உள்ளே நைலான் வலை இல்லையென்றால் கவுன் தொளதொளவென்று நைட்டி மாதிரி தொங்கியது. நானே மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன். ஜூன்காரி நிற்கிற நிற்பே அந்த விரிப்பில்தான் இருக்கிறது. இவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பசை போட்டா நிக்கும்" என்றார்.

வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற மைதாப் பசையைத்தான் சொல்கிறார். அதில் அவர் மன்னன். வேட்டித் துணியில் மூன்றடுக்கு உள்பாவாடை தைத்து வாங்கி, ஒரு அண்டா பசை காய்ச்சினார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள், எனக்கு உடம்பு அரிக்கும் என்று அதை மட்டும் போடாமல் விட்டார். பாவாடையைப் பசையில் முக்கியெடுத்து, மொட்டைமாடியில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தின் மேல் போட்டுக் காயவைத்தார். சிவகாசி வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் பஞ்சாரத்தை உருவி எடுத்தால், பாவாடை இன்னொரு பஞ்சாரமாகத் தானாக நின்றது. தட்டினால் டொக்கென்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

படம் எடுக்க வெம்பக்கோட்டை அணைப் பக்கம் போவது என்று முடிவு செய்திருந்தோம். தண்ணீரும் வானமும் பின்னால் இருக்கும், மருந்து வாசனை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை கவுனைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆட்டோவில் ஏறப் பார்த்தேன், பாவாடை மாட்டேன் என்றது. காரில் உட்காரப் பார்த்தேன், பாவாடை முன்பக்கம் எழுந்து என் முகத்துக்கு வந்தது. கடைசியில் தெருமுனை டிரைவரின் குட்டி லோடு வண்டியில் பலகை போட்டு ஏற்றி, நடுவில் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பட்டாசு லோடு ஏற்றிப் பழகின டிரைவர். ஒரு பள்ளம் தவறாமல் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும் கை உறையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். வேறு என்ன செய்வது?

ஊரைத் தாண்டினதும் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன லோடு?"

முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "சம்சாரம் சார்" என்றார்.

போலீஸ்காரர் பின்பக்கம் வந்து என்னை அண்ணாந்து பார்த்தார். கொட்டான் தொப்பி, துளசி மாலை, பச்சைக் கவுன், வெறுங்கால். இந்தப் பகுதியில் எத்தனையோ விதமான லோடை அவர் பார்த்திருப்பார். "பாத்துக் கொண்டுபோங்க" என்று மட்டும் சொன்னார்.

அணைப் பக்கம் எங்கள் அச்சகப் படக்காரர் கேமராவோடு காத்திருந்தார். அவர் இதுவரை எடுத்ததெல்லாம் பட்டாசுப் பெட்டிகள்தான். மனிதர்களை எடுத்துப் பழக்கமில்லை. என்னைப் பார்த்ததும், "அக்கா, லேபிள் பக்கம் என்னைப் பாத்து. சைடு கொஞ்சம் தெரியட்டும். மூடிய நேரா வைங்க" என்றார். மூடி என்றது தொப்பியை. இவர் வெள்ளை வேட்டி சட்டையில், தலையைப் படியச் சீவிக்கொண்டு, பிழை செய்த பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றார்.

"அண்ணே, ஒட்டி நில்லுங்க."

வந்தார். பாவாடை விளிம்பு அவர் முழங்காலில் முட்டியது. எனக்கும் அவருக்கும் நடுவில் கல்யாண ஆல்பத்தில் இருந்த அதே இடைவெளி. வலது பக்கம் வந்து பார்த்தார், அதே தூரம். பின்னால் போனார், பாவாடை அவரைப் பின்னாலும் என்னை முன்னாலும் தள்ளியது. சாய்ந்து தோளை எட்டப் பார்த்தார், வேலி தாண்டி மாங்காய் பறிக்கிறவர் மாதிரி இருந்தது. படக்காரர் கேமராவை இறக்கிவிட்டுச் சொன்னார், "நடுவில ஒரு டஜன் புஸ்வாணம் அடுக்கலாம்க்கா."

ஒரு மாதமாக நூல் நூலாகப் பிரித்துப் பார்த்து, நைலான் இல்லை, இரும்பு இல்லை, ஜரிகை இல்லை என்று ஆக்கியும், கடைசியில் அவரே காய்ச்சின பசை எங்களைப் பிரித்து வைத்துவிட்டது. முதலில் சிரித்தேன். அப்புறம் எனக்கு ஆத்திரம் வந்தது.

"பாஸானா ஒட்டி நிக்கேன்னு சொன்னீகல்ல?"

"நான் எங்க நிக்க? பாவாடைல்ல நிக்குது."

"பாவாடை இல்லன்னாலும் நீங்க நிக்க மாட்டீக. வேணும்னேதான் இம்புட்டுப் பசை போட்டீக. இருபத்திரண்டு வருசமா நான் என்ன தொத்து வியாதிக்காரியா?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அணைக்கட்டில், கொட்டான் தொப்பியோடு, படக்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன். கண்ணைத் துடைத்த உறையின் நீல மை கன்னத்தில் ஒட்டியது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாஸுன்னு சொல்லத்தான் பயமா இருக்கு. அன்னிக்கும் வாசல்ல நாந்தான் நின்னேன்."

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்தது அது இரண்டாவது தடவை. அந்த மனிதரை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். அப்போதுதான் என் பாவாடையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

ஆடு. ஒன்றல்ல, ஐந்தாறு. கரையில் மேய்ந்துகொண்டிருந்தவை மைதா வாசனைக்கு வந்துவிட்டன. ஒன்று உள்பாவாடையின் விளிம்பைக் கடித்து மொறுமொறுவென்று அப்பளம் மாதிரித் தின்றது. மேய்க்கிற பெண் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "ஏ அக்கா, அசையாதீக! அது சினிமா போஸ்டரு தின்னு பழகின ஆடு, அரைகுறையா விடாது!"

"திங்கட்டும். துத்தம் போடலை, ஆட்டுக்கு ஒண்ணும் செய்யாது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு என்ன செய்யும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு லோடு வண்டியிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார்.

ஷெட்டுக்குள் ஆளை விடுவதற்கு முன்னால் தரையை நனைப்பார்கள். ஈரத்தில் பொறி பிறக்காது. அதைத்தான் செய்தார். என்னைச் சுற்றித் தரையில் ஒரு வாளி ஊற்றினார். இன்னொரு வாளியை என் இடுப்பிலிருந்து கீழே ஊற்றினார். மூன்றாவதையும் ஊற்றினார். பசை இளகி, பாவாடை பெருமூச்சு விட்ட மாதிரி மெல்ல அமுங்கி, கூழாக என் காலோடு ஒட்டியது. ஜூன்காரி போய்விட்டாள். மாவு ஒழுகுகிற ஒரு காலண்டர் டிசைனராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

அவர் வாளியை வைத்துவிட்டு என் முன்னால் குனிந்தார். அங்கே செம்புத் தகடு ஏது? ஈர மண்ணில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தார். வீட்டில் தகட்டைத் தொட்டதும் எடுத்துவிடுவார். அன்றைக்கு வெகுநேரம் எடுக்கவில்லை.

"அண்ணன் என்னத்தத் தேடுதாரு?" என்று படக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எர்த்து" என்றேன்.

பிறகு எழுந்து, பக்கத்தில் வந்து, என் தோளில் கை போட்டார். மண்ணோடு, கனமாக. நான் நகரவில்லை. படக்காரருக்கு என்ன தோன்றியதோ, லேபிள் என்றும் மூடி என்றும் ஒன்றும் சொல்லாமல் எடுத்தார்.

அட்டை அடிப்பதற்கு முன்னால் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். நனைந்த கவுன், கன்னத்தில் நீல மை, காலடியில் ஒரு ஆடு, அதன் வாயில் என் உள்பாவாடை. தோளில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிகிற ஒரு மண் கறை. என் பக்கத்து சீட்டுப் பெண், "இந்தக் கறையை மட்டும் எடுத்துடவாக்கா? ரெண்டு நிமிசம்" என்றாள். ஜூன்காரியின் இடுப்பை ஒன்பது நாள் அழித்தவள் நான். ஒரு புள்ளியையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நூறில் ஒன்று எங்கள் வாசலில் செம்புத் தகட்டுக்கு மேலே தொங்குகிறது. ஒன்றை அவர் கம்பெனிக்குக் கொண்டுபோய், பெண்களை நிறுத்திப் பார்க்கிற வாசலிலேயே மாட்டிவிட்டார். முதல் நாள் வேனில் வந்து இறங்கின பெண்கள் அதைச் சுற்றி நின்று அப்படிச் சிரித்தார்களாம். அவர்களில் ஒருத்திதான் பிறகு என்னிடம் சொன்னாள். "நைலான் கவுனா போட்டிருக்காக அக்கா? அவுகளை மட்டும் எப்பிடிண்ணே விட்டீக?" என்று இவரிடம் கேட்டிருக்கிறாள்.

அவர் சிரிக்கவில்லையாம். காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "சுத்த காட்டன். நான் பாத்துத்தான் விட்டேன்."